பலகையில் ஆறாம் நாள்

எனக்குச் சத்தமாகப் பேசுகிற பழக்கம் உண்டு. அது மாடுகளால் வந்தது. ஊர் மாட்டுப் பவுண்டில் பதினெட்டு வருஷமாகக் காவல் இருக்கிறேன். அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்த மாடுகளைப் பிடித்து வந்து அங்கே அடைப்பார்கள். உடையவர்கள் வந்து மீட்டுப் போகும்வரை வைக்கோல் போட்டுத் தண்ணீர் காட்டுவது என் வேலை. மெதுவாகச் சொன்னால் மாடு கேட்காது. ஆகையால் இந்த அறையில் நான் பேசுவது தெருவில் நிற்பவர்களுக்குக் கேட்டால், இன்ஸ்பெக்டர் ஐயா அதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம்.

என் பெயர் அம்மாவாசி. வயது நாற்பத்தாறு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆதித்தன் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழா வந்தால் தேனியிலும் கூட்டம் நிறையும். அந்தக் கூட்டத்துக்காகக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு விழாக் கமிட்டி வைத்து, சந்தைத் திடலில் வருஷத்துக்கு ஒரு வேடிக்கை நடத்துவார்கள். போனதற்கு முந்திய வருஷம் கரடி வந்தது. அது வெயில் தாங்காமல் மூன்று நாளும் படுத்தே கிடந்ததால், படுத்திருக்கும் கரடியை எல்லாரும் பார்த்தோம். போன வருஷம் ஒரு ஜாலக்காரர் வந்தார். பெட்டிக்குள் ஒரு பெண்ணை மறைய வைப்பதாகச் சொன்னார். அவள் மறைந்தாள். மறுநாள் ஜாலக்காரர் அவளைத் தேடிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. அதனால் இந்த வெகுதானிய வருஷம், எழுந்து நடமாடுகிற, ஓடிப்போகாத வேடிக்கையாக இருக்க வேண்டுமென்று கமிட்டியில் தீர்மானித்தார்கள். ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர் எங்கே ஓடுவார். அப்படித்தான் ஆதித்தனை வரவழைத்தார்கள்.

விருதுநகர்ப் பக்கத்துப் பையன். இருபத்தாறு வயது, ஒல்லி, அழகான மீசை. ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியுமாக மதுரை ரயிலில் தனியாக வந்து இறங்கினார். ஏழு பகல், ஏழு இரவு, கால் தரையில் படாமல் சைக்கிள் ஓட்டுவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிளின் மேலேயே. மற்ற உபாதைகளை எப்படிக் கழித்தார் என்று ஐயா நேற்றுக் கேட்டீர்கள். அதற்கு ஓர் ஓலைத் தடுப்பும் நல்ல பழக்கமும் இருந்தன. அதற்கு மேல் எழுத வேண்டாம், அவர் கௌரவமான பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பம். கமிட்டித் தலைவர் முத்துக்கருப்பன், மிளகாய் மண்டி வைத்திருப்பவர், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஏலே அம்மாவாசி, நீ ஒரு சத்தம் போட்டா கோம்பையில தூங்குறவன் முழிச்சுக்கிருவான். இந்தா, இதப் பிடி."

அவர் கையில் கொடுத்தது ஒரு தகரக் குழாய். ஒரு முனை வாயளவு, மறுமுனை முறமளவு. அதில் பேசினால் என் குரல் எனக்கே மரியாதையாகக் கேட்டது. அதோடு ஒரு கறுப்புப் பலகையும் சாக்கட்டியும் கொடுத்தார். தினம் காலையில் நாள் எண்ணிக்கையைப் பலகையில் எழுத வேண்டும். சைக்கிளோடு நடந்து கஞ்சியும் தண்ணீரும் நீட்ட வேண்டும். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பகலெல்லாம் என் பொறுப்பு. இருட்டினால் பேச்சிமுத்து வருவார், நான் திடலோரமே படுத்துக்கொள்வேன். பெயர்தான் பேச்சிமுத்து, பிறவியிலேயே வாய் பேச வராதவர். இது பின்னால் உதவியாக இருந்தது.

ஐயா, பவுண்டுக்கு வருகிறவர்கள் யாரும் என்னிடம் நல்ல வார்த்தை பேசியதில்லை. மாடு மேய்ந்ததும் என் குற்றம், பிடிபட்டதும் என் குற்றம் என்றுதான் வருவார்கள். அன்றைக்குத் திடலில் நான் குழாயைத் தூக்கி, "இதோ வருகிறார், வடக்கு வளைவில் வருகிறார்" என்று சொன்னதும் ஆயிரம் தலைகள் வடக்கே திரும்பின. "தெற்கே போகிறார்" என்றேன், தெற்கே திரும்பின. அவர்கள் கண்ணுக்கே தெரிகிற காரியம்தான். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் திரும்பினார்கள். இதை ஒரு காரணமாக எழுத வேண்டாம். நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் நான்கு நாள் ஒரு பிசகும் இல்லை. ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு. ஆதித்தன் ஓட்டிக்கொண்டே பல்லால் கைக்குட்டை எடுத்தார். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துச் சுற்றினார். பெண்கள் மாலை வீசினார்கள்.

வியாழக்கிழமை நடந்தது வெறும் மறதி. அன்று காலை தேவாரத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லும் மும்முரத்தில் பலகையை மாற்ற மறந்துபோனேன். உச்சிப்பொழுதுக்குத்தான் கண்ணில் பட்டது. நான்கு என்றே இருந்தது. நடுப்பகலில் போய் அழித்து ஐந்து என்று எழுதினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். பலகை மேல் நம்பிக்கை போய்விடும். ஒரு வேடிக்கைக்குப் பலகைதான் ஆதாரம். ஆகவே வேடிக்கையின் நலனுக்காக அன்று நான்காகவே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து என்று எழுதினேன். சனிக்கிழமையும் ஐந்தாக இருந்தது. அது மறதி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை எங்களுக்குச் சந்தை நாள். திடலில் பாதியைச் சைக்கிளுக்கு விட்டிருந்ததால், மாடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆதித்தன் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சந்தையா? மாடாப் போகுதே."

"திருவிழாவுக்கு வந்த மாடு, தம்பி."

"சந்தைன்னா சனிக்கிழமைல்லா? சனிக்கிழமைன்னா ஏழாச்சே. நாளைக் காலையில இறங்கணுமே. ஊருல எனக்குக் காரியம் கெடக்கு."

"பலகையப் பாருங்க, தம்பி."

அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பலகையைப் பார்த்தார். "அஞ்சு. ஆமா, அஞ்சுதான்" என்றார். அடுத்த சுற்றில் வந்து, "உங்களச் சந்தேகப்பட்டுட்டேன், தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி" என்று மன்னிப்பும் கேட்டார். அவ்வளவு நல்ல குணம். அவரைப் போன்ற ஒருவரை ஏழே நாளில் அனுப்பிவிட யாருக்கு மனசு வரும்.

நாள் தெரியாமல் எப்படி இருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நான்கு நாள் சரியாகத் தூங்காதவருக்கு, இருட்டு வந்தால் அது இரவா, தான் கண்ணை மூடியதா என்று தெரிவதில்லை. ஒருநாள் நடுப்பகலில் என்னிடம் விடிந்துவிட்டதா என்று கேட்டார். விடிந்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

ஊருக்குக் கணக்கு தெரியும். முதலில் கேட்டவள் பஞ்சம்மாள். திடலோரம் பணியாரம் சுட்டு விற்பவள்.

"ஏண்ணே, நேத்தும் அஞ்சு, இன்னைக்கும் அஞ்சா?"

அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ஆதித்தன் ஏழோடு நிறுத்தப் போவதில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மேலே போகிறார். நாளை எண்ணி அவர் காதில் போட்டால் நேர்ச்சை முறிந்துவிடும். ஆகையால் பலகையும் எண்ணாது.

"ஆத்தாடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பஞ்சம்மாளிடம் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. பொழுது சாய்வதற்குள் தேனி முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆதித்தனைத் தவிர. கமிட்டித் தலைவர் முத்துக்கருப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊருக்காகவா இம்புட்டுக் கஷ்டப்படுறாக அந்தத் தம்பி" என்று கண் கலங்கினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை வெளியூர் ஆள் ஒருவன், "ஏப்பா, ஒம்பது நாளாச்சே" என்று சத்தமாகச் சொல்லப் போனான். நாலு பேர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு வருத்தப்பட்டு அவனுக்குப் பணியாரம் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

அன்றைக்கே என் சம்சாரம் கஸ்தூரியம்மாளும் கஞ்சி கொண்டுவந்த இடத்தில் கேட்டாள்.

"ஏங்க, நேத்துக் காலையோட ஏழு நாள் முடிஞ்சிருச்சுல்ல? இந்தப் புள்ள இன்னும் சுத்துது?"

நேர்ச்சையை அவளிடமும் சொன்னேன். அவள் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை. என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு?"

"சொல்ல முடியாது."

"அம்புட்டு நாளும் நீங்க இங்கனதான் கெடப்பீகளா? ராத்திரி படுக்கக்கூட வீட்டுக்கு வரமாட்டீக?"

"இங்கனதான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, சுத்தட்டும்" என்றாள். மறுநாள் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு புதுத் தலையணையும் அனுப்பினாள். இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆதித்தனின் தேகநிலை பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நாள், அதாவது ஐந்தாம் நாள், அவர் வளையத்தைச் சுற்றிக் கயிறு கட்ட நட்டிருந்த மூங்கில் கம்பங்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பத்துக்கும். ஒரு கம்பம் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு இரண்டு சுற்று அதனோடு பேசாமல் இருந்தார். பிறகு சமாதானமானார்கள். வாய்ப்பாடு சொன்னார். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு தடவையும் தடுக்கினார். என்னைச் சில சமயம் "அண்ணாச்சி" என்பார், சில சமயம் "சார்" என்பார், ஒரு தடவை "அம்மா" என்றார். கூட்டம் இதற்கெல்லாம் கை தட்டியது. முதல் நான்கு நாளில் குடத்துக்கும் கைக்குட்டைக்கும் தட்டியதைவிட இது அதிகம். எனக்கும் விளக்கம் சொல்ல விஷயம் கிடைத்தது. "இப்போது கிழக்குக் கம்பத்திடம் குசலம் விசாரிக்கிறார்" என்பேன். எல்லாரும் கிழக்கே திரும்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறு என்று எழுதினேன். நான் முன்னேற்றமே காட்டாத ஆள் இல்லை.

அன்று மத்தியானம் தபால்காரர் ஒரு தந்தி கொண்டுவந்தார். ஆதித்தனுக்கு. அவர் கை பிடியை விட்டு வர முடியாததால் நான் வாங்கினேன். விருதுநகரிலிருந்து ஒரு பெரியவர் அடித்திருந்தார். உடனே புறப்படவும், அவ்வளவுதான். பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. தபாலாபீசுக்குப் போய் ஒரு பதில் தந்தி அடித்தேன்: "ஆதித்தன் சௌக்கியம். சுற்றிக்கொண்டிருக்கிறார்." இதில் ஒரு பொய்யான சொல் உண்டா என்று பாருங்கள். அதைப் படித்தவர்கள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரியவந்தது. தந்தியில் சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

புதன் ஆறு. வியாழன் ஆறு.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அந்தப் பெண் வந்தாள். பெயர் சொர்ணலதா. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. அரக்குப் பட்டுச் சேலை, கையில் குடை. பின்னால் அவள் தகப்பனார், தந்தி அடித்த பெரியவர். அவர் திடலுக்குள் நுழைந்து சைக்கிளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துப் பஞ்சம்மாளின் கடையில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சம்மாள் ஆறுதலுக்காக ஒரு பணியாரம் கொடுத்தாள். மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சொர்ணலதா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். ஆதித்தன் சுற்றி வந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வா சொர்ணம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சுற்றிலும், "வா சொர்ணம்" என்றார். போய்விட்டார். அவர் அவளைத் தினமும் இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டிருந்தவர். முந்தின நாள்கூட மேற்குக் கம்பத்தின் மேல் அவள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். ஆகையால் அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

மூன்றாம் சுற்றில் அவள் சைக்கிளோடு நடந்தாள்.

"எறங்குங்க."

"இன்னும் ஒரு நாள் இருக்கு சொர்ணம். நாளைக் கழிச்சுக் காலையில எறங்கி, மறுநாள் ரயிலப் பிடிச்சு, முகூர்த்தத்துக்கு முந்துன நாளே வந்துருவேன்."

"முகூர்த்தம் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. பந்தலப் பிரிச்சாச்சு. நீங்க எவளையோ இழுத்துக்கிட்டுச் சுத்துறீகன்னு ஊரே பேசுது."

"என்ன பேசுற நீ? பலகையப் பாரு. ஆறு போட்டிருக்குல்லா?"

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். குடையை மடக்கினாள். வகுப்பில் பையன்களைக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

நான் பேச வாயைத் திறந்தேன். குழாய் வாயிலேயே இருந்தது. பதின்மூன்று நாளாக அப்படியே பழகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை" என்றேன். திடல் முழுக்கக் கேட்டது.

"எத்தனாவது வெள்ளிக்கிழமை?"

"ரெண்டாவது."

ஆதித்தனும் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டே விரலை மடக்கி எண்ணினார். ஏழு வந்ததும் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அடுத்த தடவையில் எண்ணி முடித்துவிட்டார் போலிருக்கிறது. என்னைப் பார்த்தபடி ஒரு சுற்று முழுவதும் வந்தார். தலை மட்டும் என் பக்கமே இருந்தது. "அண்ணாச்சி" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

அவரால் இறங்க முடியவில்லை. கால்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நாலு பேர் கூடவே ஓடி அவரைத் தூக்கி, சைக்கிளைக் கீழேயிருந்து உருவினார்கள். அந்தரத்திலும் மிதித்துக்கொண்டிருந்தார். மாட்டு வண்டியில் படுக்க வைத்தார்கள். வைக்கோலின் மேலும் மிதித்தார். அப்படியே தூங்கிப்போனார். கால்கள் மட்டும் தூங்க ஒருநாள் ஆனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

பிறகுதான் முத்துக்கருப்பன் என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். சொர்ணலதா என்னைக் குடையால் அடித்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். இரண்டு அடி. இரண்டும் நியாயமான அடிகள். வழக்கு எழுதும்போது அவள் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

அவர்களுக்கு அடுத்த வாரம் வீரபாண்டிக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மணவறையை மூன்று தடவை சுற்றி வரச் சொன்னார்களாம். மாப்பிள்ளை மூன்றோடு நிற்கவில்லையாம். எட்டாவது சுற்றில் மாமனார் குறுக்கே விழுந்துதான் நிறுத்தினாராம். எனக்குத் தாக்கல் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை.

ஏன் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவருடைய பேருக்காகத்தான். ஏழு நாள் ஓட்டியவர்கள் இந்த ஜில்லாவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பதின்மூன்று நாள் ஓட்டியவர் அவர் ஒருவர்தான், அதுவும் தனக்கே தெரியாமல். பவுண்டில் அடைத்த மாடு முதல் நாள் கத்தும். மூன்றாம் நாள் கத்தாது. வைக்கோல் கிடைக்கிறது, தண்ணீர் கிடைக்கிறது, அதற்குப் பிடித்துப்போய்விடுகிறது. ஆதித்தனும் ஆறாம் நாள் எழுதிய பிறகு என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இதுவரை நான் சொல்லவில்லை. ஊரில் காரியம் இருப்பதாக அவர் சொன்னார் என்றேன். என்ன காரியம் என்று எனக்குத் தெரியாது என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

எனக்குத் தெரியும். இரண்டாம் நாளே தெரியும். அன்று காலையில் அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்து, ஓட்டிக்கொண்டே என்னிடம் நீட்டினார். "அண்ணாச்சி, எனக்கு மூத்தவுக யாரும் கெடையாது. நீங்க வந்து முன்னாடி நிக்கணும்" என்றார். என்னை ஒரு கல்யாணத்துக்கு முன்னால் நிற்கும்படி யாரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. வைகாசி மாதம், புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்.

அந்த நேரத்தை நான் மறந்துவிடவில்லை, ஐயா. நான் அப்படிப்பட்ட மனுஷன் இல்லை. புதன்கிழமை காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டினேன். கஸ்தூரியம்மாளிடம் அரிசியும் மஞ்சளும் அனுப்பச் சொல்லி, பிசைந்து ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். கோயில் திருவிழாவுக்காகத் தெருவில் போன மேளக்காரர்களை நிறுத்தி, ஒரு நிமிஷம் கெட்டிமேளம் வாசிக்கச் சொன்னேன். கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு கை அட்சதை கொடுத்தேன். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. அம்மன் பேரில் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஆதித்தன் தெற்கு வளைவில் திரும்பி வந்தபோது நான் முதலில் போட்டேன், பிறகு எல்லாரும் போட்டார்கள். மஞ்சள் அரிசி தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் பிடியை விட்டு இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். நல்லா இருங்க தம்பி என்று மனசார வாழ்த்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்ட மாதிரியே முன்னால் நின்று, குறித்த நேரத்தில் நடத்தி வைத்தேன். பொண்ணு வரவில்லை என்பதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை.